மலை மிளகும் ஒரு குடம் தண்ணீரும்

 

நாமக்கல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது முட்டை. அந்த முட்டையை அவித்து, இரண்டாக அரிந்து, மேலே சிறிது உப்பும் மிளகுத் தூளும் தூவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத இல்லம் நம்மிடையே அரிதாகத்தான் இருக்கும். முட்டை கொதிநீரில் வெந்து வந்தது. மேலே தூவிய மிளகோ அடுப்பின் முகத்தையே பார்க்கவில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடியிலிருந்து பறித்தார். இன்னொருவர் காலால் மிதித்து உதிர்த்தார். மற்றொருவர் களத்தில் பரப்பி உலர்த்தி, சாக்கில் அள்ளிக் கட்டினார். அது நம் தட்டுக்கு வந்து சேரும் வரை அதைக் காப்பாற்றியது அவர்களுடைய கைச் சுத்தமும் களச் சுத்தமும்தான். உணவுப் பொருள் விளையும் இடத்தில் உழைப்போருக்குச் சுகாதாரப் பயிற்சி அளிப்பது பற்றி இம்மாதம் எழுத நினைத்ததற்கு இந்த மிளகே காரணம்.

அதே நாமக்கல் மாவட்டத்தில்தான் கொல்லிமலை இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது அந்த மேட்டுநிலம். சங்க காலத்து வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்வோர் என்பது அவர்கள் சொல்லும் பொருள், பேசுவது தமிழ். வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று அவர்களுடைய ஊராட்சிகள் எல்லாம் ‘நாடு’கள்தாம்.

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை அம்மக்களின் பழைய உணவு. பிற்காலத்தில் மரவள்ளி பெருகியது; கிழங்கு மலையிறங்கி சவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. பெருநாளன்று நாம் காய்ச்சும் ஜவ்வரிசிப் பாயசத்திலும் அந்த மண்ணின் பங்கு இருக்கக்கூடும். அன்னாசி, பலா, மலைவாழை, காப்பி, இவற்றுக்கெல்லாம் மேலாக சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடி. இன்று மலையின் கையில் காசு புரள வைப்பது பெரிதும் மிளகுதான்.

மிளகு எப்படி மிளகாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இல்லத்தரசிகள் அதைத் தெரிந்திருப்பது நல்லது. தை, மாசி மாதங்களில் சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கத் தொடங்கும்போது பறிப்பு நடக்கிறது. ஒற்றைக் கழி ஏணியில் ஏறி, இடுப்பில் கட்டிய பையில் சரம் சரமாகப் பறித்துப் போடுகிறார்கள். பறித்த சரங்களைக் குவித்து, மிதித்தோ தேய்த்தோ மணிகளை உதிர்க்கிறார்கள். பெரிய தோட்டங்களில் இதற்கு இயந்திரம் உண்டு. சிறு விவசாயிக்குக் கால்தான் இயந்திரம். பிறகு நாலைந்து நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். பச்சை மிளகு 100 கிலோ உலர்ந்தால் 33 கிலோ அளவுக்குத்தான் தேறும். மூன்றில் இரண்டு பங்கு வெயிலோடு போய்விடுகிறது.

எந்த இடத்தில் அசுத்தம் நுழையும்? ஏணியில் ஏறியவர் காலையில் காட்டுக்குப் போய் வந்து கை கழுவாதவராயிருந்தால், பறிக்கும்போதே நுழையும். மிதிக்கும் காலில் மாட்டுக்கொட்டில் சேறு இருந்தால் அங்கே நுழையும். சாணம் மெழுகிய தரையில் உலர்த்தினால் அந்தத் தரையிலிருந்தே ஏறிக்கொள்ளும். ஓரத்தில் மேயும் கோழி, படுத்துறங்கும் நாய், பறந்து போகும் காக்கை ஆகிய யாவும் தத்தம் பங்கைச் செலுத்திவிட்டுச் செல்லும். சாலையோரத் தார்த்தளத்தில் கொட்டி உலர்த்துவோரும் உண்டு. அங்கே டயரின் அழுக்கு.

“உலர்ந்த பொருளில் கிருமி எப்படி ஐயா இருக்கும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது என்பது உண்மை. ஆனால், பெருகாமல் இருப்பது வேறு, சாகாமல் இருப்பது வேறு. சால்மொனெல்லா என்னும் கிருமி உலர்ந்த மிளகில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்க வல்லது. ஈரமான உணவின் மேல் விழுந்ததும் விழித்துக்கொள்ளும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மிளகு தோய்த்த ஒருவகை இறைச்சியை உண்ட 272 பேர் 44 மாநிலங்களில் நோயுற்றனர். இறைச்சியைப் பழித்து ஆராய்ந்தவர்கள் கடைசியில் கண்டது, குற்றவாளி மேலே பூசிய மிளகு என்பதை. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2007 முதல் 2009 வரை அங்கு இறக்குமதியாகிச் சோதிக்கப்பட்ட மசாலாச் சரக்குகளில் 6.6 விழுக்காட்டில் சால்மொனெல்லா இருந்தது. மற்ற இறக்குமதி உணவுகளோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இருமடங்கு. மசாலா உலகின் பெரிய வியாபாரிகளாகிய நமக்கு இது பெருமை தரும் செய்தியன்று.

இதற்குப் பரிகாரம் கடினமானதும் அல்ல. உதிர்த்த மணிகளைத் துளையிட்ட கூடையில் இட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து உலர்த்த வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டாகச் சொல்லி வருகிறார்கள். அழுக்கு போகும், கிருமி பெருமளவு குறையும், மிளகு விரைவில் உலரும், நிறமும் ஒரே கறுப்பாகப் பளபளக்கும். தரையை விட்டுச் சுத்தமான தார்ப்பாயிலோ, சிமெண்ட் களத்திலோ, பாயிலோ பரப்ப வேண்டும். ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பின்னரே சாக்கில் கட்ட வேண்டும்.

இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்றும் கூற முடியாது. நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையம் விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்தே கொல்லிமலையில் பணியாற்றியது. அழிந்து கொண்டிருந்த சாமையையும் தினையையும் காப்பாற்றுவதே அதன் முதல் நோக்கம். ஆயினும், அதற்கு வழி தேடிப் போனபோது அவர்கள் வந்து சேர்ந்த இடம் உரல். சாமையின் உமியை நீக்க மலைப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை போட வேண்டியிருந்தது. உலக்கைக்கு அஞ்சியே பல வீடுகள் சாமையைக் கைவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறிவிட்டன. ஆகவே, ஊருக்குள் சிறு அரவை இயந்திரங்களை நிறுவி, சுய உதவிக் குழுக்களிடம் அவற்றை ஒப்படைத்தார்கள். பின்னர் சாமை, தினை, கேழ்வரகிலிருந்து ரவை, மாவு போன்ற பண்டங்களைச் செய்து பொட்டலமிட்டுக் கீழ்நாட்டு நகரங்களுக்கு அனுப்பும் நிலை வந்தது. கல் நீக்குதல், தரம் பிரித்தல், தூய்மையாகப் பொட்டலமிடுதல் ஆகிய பயிற்சிகள் அப்பெண்களுக்கு அளிக்கப்பட்டன. வயல் வேலைக்குப் போன கைகளே உணவுத் தொழிலின் கைகளாயின. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது, பயிற்சிக்கு முன்பே உலக்கையின் பாரம் இறக்கப்பட்டது என்பதுதான். இதை நினைவில் வையுங்கள். கீழே மீண்டும் தேவைப்படும்.

சட்டத்தின் நிலை என்ன? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. 2011ஆம் ஆண்டு அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. உணவைத் தொடும் பணியாளர் எப்படி இருக்க வேண்டும், எங்கே கை கழுவ வேண்டும், நோயுற்றால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் அவ்விதிகளின் 4ஆம் அட்டவணை விரிவாகக் கூறுகிறது. 2017ஆம் ஆண்டு முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு பயிற்சித் திட்டத்தையும் நடத்தி வருகிறது. உரிமம் பெற்ற நிறுவனங்களில் 25 பணியாளருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால், இந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு விவசாயியையும் மீனவரையும் விவசாய வேலைகளையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. சட்டம் வயல் வரப்பு வரைதான் வரும். வரப்பைத் தாண்டி உள்ளே வராது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அரை ஏக்கர் மிளகுக்காரரை இன்ஸ்பெக்டர் வந்து மிரட்டும் நிலை ஏற்படாமல் போனது நல்லதே. ஆனால், சட்டம் விலகி நின்ற இடத்தில் யார் பொறுப்பேற்பது என்னும் கேள்வி நிற்கத்தான் செய்கிறது. இன்றுவரை அந்தப் பொறுப்பு முழுவதும் கூலிக்கு மிளகு பறிப்பவர் தலையில் இறங்கியிருக்கிறது. “கை கழுவு, நகம் வெட்டு, காட்டுக்குப் போனால் சோப்புப் போடு, வயிற்றுப்போக்கு இருந்தால் வேலைக்கு வராதே, களத்தில் வெற்றிலை துப்பாதே” என்று அவரிடம் ஒரு பட்டியலை வாசித்துவிட்டு, பயிற்சி முடிந்தது எனக் கையெழுத்து வாங்கிக் கொள்கிறோம்.

சென்ற அறுவடைக் காலத்தில் உறவினர் ஒருவருடன் மலைக்குச் சென்றிருந்தேன். ஒரு தோட்டத்தில் சரம் உதிர்த்துக் கொண்டிருந்த மூதாட்டியிடம், சுகாதார வகுப்புக்குப் போனதுண்டா என்று விசாரித்தேன். “போனேன் பாய். நல்லாத்தான் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு சோப்புக் கட்டியும் குடுத்தாங்க” என்றார். சற்று நிறுத்தி, “சோப்பு குடுத்தாங்க. தண்ணி குடுக்கலையே” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அந்தத் தோட்டத்தில் குடிநீரே ஒரு பிளாஸ்டிக் குடத்தில்தான் இருந்தது. சரிவின் அடியிலுள்ள ஓடையிலிருந்து ஒரு பெண் தலையில் சுமந்து வந்தது. பன்னிரண்டு பேர் குடிக்க வேண்டிய அந்தக் குடத்தில் கை கழுவ யாருக்கு மனம் வரும்?

நான் மதரஸாவில் பாடம் நடத்துபவன். எங்கள் பிள்ளைகள் கையில் எடுக்கும் ஆரம்ப ஃபிக்ஹ் நூல்களில் முதல் பாடம் தொழுகையன்று, தூய்மை. தூய்மைப் பாடத்தின் தொடக்கம் ஒளுச் செய்யும் முறையுமன்று, தண்ணீர். மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர் என எந்தெந்த நீர் ஆகும் என்பதை முதலில் நிறுவிவிட்டுத்தான், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அந்நூலாசிரியர்கள் வருகிறார்கள். நீர் கிடைக்காதவனுக்குத் தயம்மும் என்னும் சலுகை மார்க்கத்தில் உண்டு. கிருமி அத்தகைய சலுகை எதையும் வழங்குவதில்லை. தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்தில் மண்ணில் துடைத்த கையை அது கழுவிய கையாக ஏற்றுக்கொள்ளாது. கிருமிநாசினித் திரவம் ஒரு புட்டி போதுமே என்பார்கள் சிலர். மண்ணும் பிசினும் அப்பிய கையில் அது சரிவர வேலை செய்வதில்லை. உழவரின் கைக்குச் சோப்பும் தண்ணீருமே வேண்டும்.

இந்த உண்மையை ஒப்புக்கொள்ள அமெரிக்காவுக்கே நெடுங்காலம் பிடித்தது. வயலில் உழைப்போருக்குக் குடிநீரும் கழிப்பிடமும் கை கழுவும் வசதியும் கட்டாயமாக்க வேண்டும் என்று தொழிலாளர் தரப்பு 1972ஆம் ஆண்டில் அரசிடம் மனுச் செய்தது. வழக்குகளும் இழுபறிகளும் கடந்து அந்த விதி பிறந்தது 1987ஆம் ஆண்டில். 11 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் வயலில், 20 பேருக்கு ஒரு கழிப்பிடமும் ஒரு கை கழுவுமிடமும் கால் மைல் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பதினைந்து ஆண்டுகள்! ஒரு வாளித் தண்ணீருக்காக. பயிர்கள் வழியாக நோய் பரவிப் பெரும்பாடுபட்ட பின், காய்கனிப் பாதுகாப்புக்கான தனி விதி 2015ஆம் ஆண்டில் வந்தது. பறிப்போருக்குப் பயிற்சி ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. கழிப்பிடத்தையும் கை கழுவும் நீரையும் அதே விதி தோட்ட உரிமையாளரின் கடமையாக்குகிறது. சொல்லிக் கொடுப்பவனும் வசதி செய்து கொடுப்பவனும் ஒருவனே. கூலியாளிடம் பாடத்தை மட்டும் கொடுத்துவிட்டு நழுவ இடமில்லை.

அங்கு இதற்கு அவசரம் ஏற்பட்டதற்குக் காரணங்கள் இருந்தன. 2003ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 600க்கும் மேற்பட்டோருக்கு மஞ்சள் காமாலை கண்டது, மூவர் இறந்தனர். மெக்சிகோவிலிருந்து வந்த வெங்காயத்தாள் அதன் மூலமென்று கண்டறியப்பட்டது. தாளின் ஒவ்வொரு கட்டும் பல கைகளால் பறித்து, உரித்து, கட்டப்படுவது.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர் முதலிய பெருந்தோட்டங்களில் குடிநீரையும் கழிப்பிடத்தையும் கட்டாயமாக்கியது. கொல்லிமலையின் சிறு நிலங்கள் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே தென்பட்டதில்லை. அண்மை ஆண்டுகளில் வீடுதோறும் கழிப்பறை என்று அரசு முயன்றதை நாம் அறிவோம். வீட்டுக் கழிப்பறை வீட்டில் இருக்கிறது. வேலைக்குப் போன பெண் இரண்டு மைல் தள்ளிச் சரிவில் இருக்கிறாள். காலையிலிருந்து மாலை வரை அவள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறாள், ஒதுங்க இடமில்லை என்பதற்காக. உணவுப் பாதுகாப்பைப் பேசும் நாம் அந்தப் பெண்ணின் சிறுநீரகத்தையும் சற்று நினைக்க வேண்டாமா?

நோயுற்றால் வேலைக்கு வராதே என்கிற கட்டளையைப் பற்றியும் ஒரு சொல். நியூயார்க்கில் மேரி மல்லன் என்றொரு சமையல்காரப் பெண் இருந்தார். தமக்கு எந்த நோயும் தெரியாமலே டைஃபாய்டுக் கிருமியைச் சுமந்தவர். 1907ஆம் ஆண்டில் அவரைக் கண்டுபிடித்துத் தனிமையில் அடைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 1910ஆம் ஆண்டில் விடுவித்தார்கள். துணி வெளுக்கும் வேலையில் சமையல் வேலையளவு கூலி கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்கே போனார். 1915ஆம் ஆண்டில் பிடிபட்டு, 1938ஆம் ஆண்டில் இறக்கும் வரை அடைபட்டே கிடந்தார். உலகம் அவரை ஏசியது. பிழைக்க வழி காட்டாமல் வேலையைப் பிடுங்கியவர்களை எவரும் ஏசவில்லை. வயிற்றுப்போக்கோடு ஏணியில் ஏறும் மலைத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி போனால் அன்றைய உலை இல்லை. ஒரு நாள் கூலியைக் கொடுத்து, “இன்றைக்கு வீட்டில் இரு” என்று சொல்லும் மேஸ்திரி, பத்துச் சுவரொட்டிகளுக்குச் சமம். அதுவும் முடியாத இடத்தில், உலர்ந்த சாக்கு தைப்பது, களை எடுப்பது போன்ற, விளைபொருளைத் தொடாத வேலைக்கு மாற்றலாமே.

நிற்க. வசதிகள் வந்த பிறகு பாடம் தேவையில்லையா என்றால், கட்டாயம் தேவை. அதை நடத்தும் முறையைப் பற்றி ஆசிரியன் என்னும் உரிமையில் சில சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கிருமியை வாயால் விளக்கி நம்ப வைப்பது கடினம். எங்கள் மக்தபில் ஒரு நாள் ஒரு சிறுவனின் உள்ளங்கையில் மஞ்சள் தூளைத் தடவிவிட்டு வழக்கம்போல் பாடத்தைத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் அந்த மஞ்சள் கதவின் தாழ்ப்பாளில் இருந்தது, தண்ணீர்க் குவளையில் இருந்தது, நான்கு பிள்ளைகளின் சட்டையில் இருந்தது, என் தாடியிலும் கொஞ்சம் இருந்தது! அன்றைக்குப் பிள்ளைகள் கை கழுவிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மலைக்கும் இதே வழி பொருந்தும்.

தண்ணீருக்கும் அப்படியொரு கண்காட்சி உண்டு. ஊற்றுநீர் பளிங்குபோல் தெளிந்திருப்பதால் தூயதென்றே மலைமக்கள் கருதுகிறார்கள். நாமும் அப்படித்தான் கருதுவோம். 1982ஆம் ஆண்டில் குவாலியரைச் சேர்ந்த நம் நாட்டு விஞ்ஞானிகள் ஓர் எளிய சோதனையை உருவாக்கினார்கள். மருந்து தோய்த்த காகிதத் துண்டு இட்ட சிறு புட்டி. அதில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக் கலப்புள்ள நீராயிருந்தால் கறுத்துவிடும். சோதனைச்சாலை வேண்டாம், படிப்பும் வேண்டாம். தம் ஓடையின் நீர் புட்டியில் மையாய்க் கறுப்பதைக் கண்ட தாய், தன் பிள்ளைக்கு அந்நீரைக் காய்ச்சாமல் கொடுக்கமாட்டாள். கூலியாளுக்கான சுகாதாரப் பயிற்சி எங்கோ உள்ள நகரவாசியின் வயிற்றைக் காப்பதற்கென்று சொல்லப்படும்போது அதில் அவருக்கு என்ன அக்கறை பிறக்கும்? அதே கை இரவில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கினால் கேட்பார்.

கை கழுவக் குழாய் இல்லையே என்போருக்கு ஜிம்பாப்வே நாட்டில் பிறந்த ஓர் உபாயம் உண்டு. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஒரு துளையிட்டு, இரு கவைக்கொம்புகளுக்கு நடுவே தொங்கவிட்டு, கயிற்றால் ஒரு மிதிகட்டையோடு இணைத்துவிடுகிறார்கள். காலால் மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாக நீர் விழும்; கையால் எதையும் தொட வேண்டியதில்லை; ஒரு குவளை நீரில் கை சுத்தமாகிவிடும். பக்கத்தில் சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், காக்கையும் தூக்கிப் போகாது. செலவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கேனை நிரப்ப ஒருவருக்கு அன்றாடக் கூலியில் இடம் கொடுப்பதுதான் உண்மையான செலவு.

இனி, நம் சமுதாயத்து மண்டி வியாபாரப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. மளிகை, மசாலா, பழ மண்டி என்று இத்துறையில் நம்மவர் ஏராளம். மிளகை எப்படி வாங்குகிறீர்கள்? ஒரு லிட்டர் அளவுப் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்க்கிறீர்கள், ஈரம் எவ்வளவு என்று பார்க்கிறீர்கள். கொதிநீரில் அமிழ்த்தித் தார்ப்பாயில் உலர்த்திய மிளகுக்கும், சாணத் தரையில் புரண்ட மிளகுக்கும் எடை ஒன்றாக இருந்தால் விலையும் ஒன்றாகிவிடுகிறது. சுத்தத்துக்கு விலையில்லாத சந்தையில் எந்த விவசாயி விறகு எரித்து வெந்நீர் வைப்பார்? மதீனத்துச் சந்தையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததையும், உள்ளே ஈரம் தட்டியதையும், அந்த ஈரத்தை வாங்குவோர் கண்ணில் படும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதையும் நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சையில்தான் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு பிறக்கிறது என்பது பிற்கால அறிவியல். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து வாங்குபவர் இருந்தால், களத்தில் உலர்த்துபவரும் கவனமாக உலர்த்துவார். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ‘வெந்நீர் கண்ட மிளகு’ என்று தனியே கேட்டு வாங்கத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டே களம் மாறும். சில இடங்களில் கொடியையே குத்தகைக்கு எடுத்து, ஆள் கொண்டுபோய்ப் பறிக்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட எளிது. அங்கே முதலாளியும் அவர்தான், வாங்குபவரும் அவர்தான்.

இல்லத்தரசிகளுக்குச் செய்ய இருப்பது சொற்பமே. மிளகை முழுதாக வாங்கி, வெறும் சட்டியில் நன்கு சூடேற வறுத்து ஆறவைத்துப் பொடித்துக் கொள்ளுங்கள். வெந்த பிறகு மேலே தூவுவதற்கு அந்தப் பொடியையே பயன்படுத்துங்கள். ஆணத்திலும் கஞ்சியிலும் கொதிக்கும்போதே போட்டுவிட்டால் அச்சமில்லை. கொல்லிமலைக்குச் சுற்றுலாச் செல்வோர் சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி வாங்காமல் திரும்புவதில்லை. முழுப் பழமாக வாங்கி வந்து, தோலோடு கழுவிய பிறகே கத்தி வையுங்கள். கழுவாமல் அறுத்தால் தோலின் மேலிருப்பதைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும். பழத்தை அங்கேயே வெட்டித் தரும் கடையில் சாப்பிட விரும்பினால், வெட்டுபவரின் பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பறிப்புத் தை மாதத்தில் தொடங்கும். மலையில் தோட்டமோ குத்தகையோ வைத்திருக்கும் வாசகர்கள் மார்கழிக்குள் இரண்டு காரியங்களை முடித்துவிட வேண்டும்: பறிப்பு நடக்கும் சரிவில் தண்ணீர்த் தொட்டி ஒன்று, பெண்களுக்குத் தட்டியடைத்த கழிப்பிடம் ஒன்று, ஓடைக்கு மேற்புறமாக இல்லாமல் தள்ளி. பயிற்சி வகுப்புக்கு நாள் குறிப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.